மரங்கள் மூச்சுவிடும் இடம்

காட்டில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் உனக்கு,

நீ வைத்துவிட்டுப் போன குறும்படத்தைப் பார்த்தேன். "பயமா இருக்கான்னு மட்டும் சொல்லு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாயே. இருக்கிறது. பதற்றம் பிடித்த அந்தப் பெண் தனியாக நடக்கும்போது சுற்றியுள்ள மரங்கள் மூச்சுவிடுகின்றனவே, அங்கேயே நிறுத்திவிட்டேன்.

அது மரமும் இல்லை, காற்றும் இல்லை. என் மூச்சு.

மழைச் சத்தம் எடுக்க நீ பால்கனியில் மைக் வைத்த அன்று நான் அங்கேதான் நின்றிருந்தேன். உள்ளேயிருந்து, "மகாராணி என்ன பண்றீங்க?" என்று கேட்டாய். "காத்து வாங்கறேன்" என்றேன். சிரித்தாய். பிறகு அந்த ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வெட்டி ஒட்டியிருக்கிறாய். காற்று என்றே நினைத்துவிட்டாய். கோபமில்லை. நான்தானே அப்படிச் சொன்னேன்.

அப்போது பாப்பா, பால்கனிக் கம்பிக்கு வெளியே நீட்டிய என் கையில் இருந்தாள். அவளுக்கு மழையைக் காட்டிக்கொண்டிருந்தேன் என்றுதான் இதுவரை எனக்கே சொல்லிவருகிறேன்.

இன்றும் மழை. பாப்பாவை எதிர்வீட்டு அக்காவிடம் கொண்டுபோய் விட்டேன்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"எங்கயும் இல்லக்கா. இன்னிக்கு அவ உங்ககிட்டயே தூங்கட்டும். நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

அக்கா பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "உனக்கும் சேத்துப் படுக்கை போடறேன், நீயும் வந்துரு" என்றார். இதை முடித்ததும் போய்விடுவேன்.

விடிந்ததும் உங்கள் சாப்பாட்டு வண்டி டிரைவர் இதைக் கொண்டுவருவார். படித்தவுடன் அதே வண்டியில் ஏறிவிடு. படத்தை அப்புறம் எடுக்கலாம். வந்துவிடுடா.

பாப்பாவின் அம்மா