ஐஸ் கேட்கப் போனவன்

மாமனாருக்குப் போன வாரத்திலிருந்து இன்சுலின் தொடங்கியிருக்கிறார்கள். ஆனையூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அவர் வீடு. ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர் என்பதால், காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் நான் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன். இன்று மருந்தை உறிஞ்சும்போது ஒரு துளி என் கட்டை விரலில் விழுந்தது. பிளாஸ்திரியும் பினாயிலும் கலந்தது போன்ற அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன மாப்ள, போட்டாச்சா?" என்றார் மாமனார், சுவரைப் பார்த்தபடி.

போடவில்லை. நான் உன்னோடு இருந்தேன்.

நாகமலை புதுக்கோட்டை ஹாஸ்டலில் இரண்டு வருடம் நம் அறையில் இருந்த வாடை அது. தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் சட்டையைத் தூக்கி வயிற்றில் நீயே குத்திக்கொள்வாய். பன்னிரண்டு வயதிலிருந்து உனக்குச் சர்க்கரை. பல் துலக்குவது போல அதை நீ செய்ததைத்தான் நான் முதலில் வியந்தேன். என்னிடம் நீ எதை வியந்தாய் என்று தெரியவில்லை. எனக்குப் பேச்சு திக்கும். வீட்டில், வகுப்பில், பஸ்ஸில், எல்லோரும் என் வார்த்தையைப் பாதியில் பிடுங்கி அவர்களே முடித்துத் தருவார்கள். பாவம் பார்த்துச் செய்வதுதான். நீ மட்டும் ஒருநாளும் முடித்துத் தந்ததில்லை. நான் 'ப... ப...' என்று நிற்கும்போது நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாய். அவசரமே இல்லாத முகம். அந்த முகத்துக்கு முன்னால்தான் எனக்கு வாய் கொஞ்சம் அவிழ்ந்தது.

படிப்பு முடிந்து மூன்று பேருக்கும் வேலை கிடைக்காத அந்த வருடம், கல்கத்தா வரை தரைவழியாகப் போய் அங்கிருந்து கப்பலில் அந்தமான் போகலாம் என்று நீதான் கிளப்பிவிட்டாய். மூன்றாமவன் ரபீக். காஜிமார் தெருக்காரன், அவன் அத்தாவின் செருப்புக்கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்திருந்தான். முனிச்சாலையில் உன் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. உன் அம்மா சௌராஷ்டிர மொழியில் உன்னைத் திட்டிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் அழுதார். "இவன் ஒடம்புக்கு ஒண்ணுன்னா அத்துவானக் கடல்ல யாருப்பா பாப்பா?" நீ என்னைக் காட்டினாய். "இவன் பாப்பாம்மா." அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. தன் பெயரையே சொல்லத் திணறுகிறவன் எப்படிப் பார்ப்பான் என்ற பார்வை. நியாயமான சந்தேகம்தான்.

புரட்டாசிக் கடைசியில் முதுகில் பைகளோடு கிளம்பினோம். முன்பதிவில்லாத பெட்டிகள், ஊர் ஊராக மாறும் பஸ்கள். மழை இன்னும் பிடிக்காததால் வெயில் கொளுத்தியது. உன் மருந்து சூட்டில் கெட்டுப்போகும் என்பதால், அகன்ற வாய் பிளாஸ்க் ஒன்றில் ஐஸ் போட்டு, மருந்துக் குப்பிகளைத் துணியில் சுற்றி, ஐஸ் நேராகப் படாதபடி வைத்திருந்தாய். சென்னை தாண்டியதும் வேலையைப் பிரித்தாய். டிக்கெட் ரபீக். சாப்பாடும் தங்கும் இடமும் நீ. "ஐஸ் கேட்டு வாங்குறது இவன்."

ரபீக் சிரித்தே விட்டான். நான் சிரிக்கவில்லை.

விஜயவாடாவில் இறங்கியபோது பிளாஸ்க்கில் வெறும் தண்ணீர்தான் ஆடியது. ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சோடாக்கடை. நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் தெலுங்கில் என்னமோ கேட்டார். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். சோடா குடிக்க வந்தவன் போல ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

"நான் வாங்கிட்டு வாரேன்" என்று ரபீக் எழுந்தான். நீ அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாய்.

"மாப்ள, மருந்து கெட்டுப்போனா செத்துருவடா நீ!"

"கெடாது. அவன் கேட்டு வாங்கிட்டு வருவான்."

"எப்ப?"

"வரும்போது."

எனக்கு உன் மேல் அப்போது வந்த ஆத்திரத்தை இன்றும் ஒளிக்க விரும்பவில்லை. நாய்க்குட்டியைக் குளத்தில் தூக்கிப் போட்டு நீந்தப் பழக்குகிற வேலை இது என்று நினைத்தேன். ஆனால் தண்ணீரில் கிடந்தது நான் இல்லை, உன் மருந்து என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. என் வாயை நம்பி உன் உயிரை வெயிலில் வைத்துவிட்டு, நீ பாட்டுக்குப் பையில் தலைவைத்துப் படுத்திருந்தாய். மறுபடி போனேன். இந்தத் தடவை கடைக்காரர் ஏதோ கேட்கும் முன் பிளாஸ்க்கின் வாயைத் திறந்து காட்டி, கண்ணை மூடிக்கொண்டு, ஐந்தாறு தடவை முட்டி மோதி, "ஐஸ்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கட்டியை உடைத்து, தட்டித் தட்டி, வாய்வரை நிரப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு விசாகப்பட்டினத்தில், பூரியில், கல்கத்தாவில் எல்லாம் கேட்டேன். ஒடியாவிலும் வங்காளத்திலும் அதற்கு 'பரஃப்' என்று சொன்னால் புரிந்தது. 'ப'வில் தொடங்கும் சொல் எனக்குப் பெரும்பாடு. பூரியில் ஒரு மீன்கடைக்கார அம்மா நான் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேருக்கு மீன் வெட்டிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் பிளாஸ்க் நிறைந்தது. ஒன்பது நாளில் ஒருமுறைகூட நீ கூட வரவில்லை. வந்திருந்தால் உன்னைப் பேசவிட்டு நான் பின்னால் நின்றிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

கல்கத்தாவில் கப்பல் ஏறினோம். ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கியதும் காற்று மாறியது. இரண்டாம் நாள் கப்பல் பக்கவாட்டில் புரளத் தொடங்கியது. ரபீக் கீழ்த்தளத்தில் தன் படுக்கையில் பக்கெட்டைக் கட்டிக்கொண்டு கிடந்தான். நீ காலையில் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு பூரி தின்றாய். அரை மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மருந்து உள்ளே போய்விட்டது, சாப்பாடு போகவில்லை. ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும் என்று நம் இருவருக்குமே தெரிந்திருக்க வேண்டும். குமட்டலில் அதை யோசிக்கத் தோன்றவில்லை. காற்று வாங்கலாம் என்று மேல்தளத்துக்கு வந்தோம்.

பதினோரு மணி இருக்கும். உன் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கடல்நீர் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நீ எழுந்து, பயணிகள் போகக்கூடாத ஒரு கதவைத் திறக்கப் போனாய். தடுத்த கப்பல் ஊழியரை நெட்டித் தள்ளினாய். குழறிக் குழறி ஏதோ கத்தினாய். ஹாஸ்டலில் நீ எனக்குச் சொல்லி வைத்திருந்தாய்: "நான் குடிகாரன் மாதிரி நடந்துக்கிட்டா, கேள்வி கேக்காம சீனியைக் குடு." அது இதுதான் என்று புரிந்தபோது ஊழியர்கள் இருவர் உன் இரு கைகளையும் பிடித்திருந்தார்கள். குளுக்கோஸ் பொட்டலம் இரண்டு தளத்துக்குக் கீழே பையில். உன்னை எங்கோ அடைத்துவைக்க இழுத்துக்கொண்டிருந்தார்கள். விட்டுவிட்டு ஓட எனக்குக் கால் வரவில்லை.

"பீகே ஆயா ஹை" என்றார் ஒருவர், குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று. சுற்றிலும் சிரிப்பு. போர்ட் பிளேரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு தமிழர், முதல் நாள் நமக்கு முறுக்கு கொடுத்தவர், என்னிடம் வந்தார்.

"ஏன் தம்பி, தண்ணியப் போட்டுட்டா கப்பல்ல ஏறுவாங்க?"

"இல்லண்ணே... சு... சு..."

"சுத்தமா மப்புல இருக்கானா?"

"இல்ல... சு..."

"சும்மா படுக்க வச்சாச் சரியாயிரும்னு சொல்றியா? அதத்தான் அவங்களும் செய்யப் போறாங்க."

வாழ்நாள் முழுக்க என் வார்த்தையை மற்றவர்கள் முடித்துவைத்தது எனக்கு அவமானமாக மட்டும் இருந்தது. அது ஒரு உயிரை எடுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உன் தலை தொங்கிவிட்டது. நான் அந்த அண்ணனின் தோளைப் பிடித்தேன். கையை உயர்த்தி, நிறுத்துங்கள் என்று காட்டினேன். மூச்சை இழுத்துவிட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. அந்தக் கூட்டம் அப்படியே காத்து நின்றது.

"சுகர். அவனுக்குச் சுகர். குடிக்கல. சீனி குடுக்கலைன்னா செத்துருவான்."

அண்ணன் அதை இந்தியில் கத்திக்கொண்டே கேன்டீனுக்கு ஓடினார். ஊழியர் உன்னைத் தரையில் கிடத்தி, தன் தொப்பியைத் தலைக்குக் கீழே வைத்தார். நான் சீனியை விரலில் தொட்டு உன் ஈறில் தேய்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக, நீ விழுங்குகிறாயா என்று பார்த்துப் பார்த்து. கப்பலின் டாக்டர் வந்தபோது நீ கண்ணைத் திறந்துவிட்டாய். அவர் குளுக்கோஸ் ஏற்றினார். மளிகைக்கடை அண்ணன் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னைய மன்னிச்சுக்க தம்பி, நான் பேசவிடாமப் பண்ணிட்டேனே" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ரபீக் தட்டுத் தடுமாறி மேலே வந்து, நடந்ததைக் கேட்டு, உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீ அவனிடம் சொன்னது: "நாந்தான் சொன்னேன்ல, இவன் கேட்டு வாங்கிட்டு வருவான்னு."

அந்தமானில் நாம் பார்த்த நீலத்தையும் வெள்ளை மணலையும் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. நீ இடுப்பளவு தண்ணீரில் நின்று, பிளாஸ்க்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தியது மட்டும் காதில் இருக்கிறது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது மூன்று பேரும் கருவாடு மாதிரி இருந்தோம். மறு மாதமே ஒரு நேர்காணலுக்குப் போனேன். அதற்கு முன் மூன்றைப் போகாமலே தவிர்த்தவன் நான். இன்றைக்குப் பேரையூர் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில், மனு கொண்டுவருகிறவர்களை முதலில் பார்க்கும் மேஜையில் இருக்கிறேன். திக்கல் போகவில்லை. போகாமலே பேசுகிறேன்.

உனக்குச் சிறுநீரகம் போனதும், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸில் நீ படுத்துக் கிடந்ததும், அங்கேயும் பக்கத்துப் படுக்கைக்காரர்களை அந்தமான் கிளம்பச் சொல்லிக் கெடுத்துக்கொண்டிருந்ததும் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. போன மாசியில் ஒரு காலை, உன் அம்மா உன் செல்போனை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீ சொல்லுப்பா எல்லாருக்கும். எங்களால முடியல." வீடு நிறைய நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். என்னிடம்தான் கொடுத்தார்.

சொன்னேன். ஒவ்வொருவருக்கும் உன் பெயரில் திக்கி நின்றேன், பிறகு சொன்னேன். கடைசியாக ஷார்ஜாவில் இருக்கும் ரபீக். என் நம்பரிலிருந்து வராமல் உன் நம்பரிலிருந்து என் குரல் வந்ததுமே அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனாலும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. நான் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை மூச்சு மட்டும் கேட்டது.

பதினாறு நாள் கழித்து அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கப்பலில் உனக்கு என்ன ஆனது என்று கேட்டார். நீ சொன்னதே இல்லையாம். "கடல் பாத்தேன், மீன் தின்னேன்னு மட்டுந்தான் சொன்னான். டாக்டர் சீட்டு ஒண்ணு பைக்குள்ள கெடந்துச்சு. இம்புட்டு வருசமா நானும் கேக்கல."

நான் சொல்லத் தொடங்கினேன். விஜயவாடா சோடாக்கடையிலிருந்து. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது, விளக்கேற்றும் நேரம் வரை ஆனது. ஈறில் சீனி தேய்த்த இடத்தில் அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ரபீக்கும் பக்கெட்டும் வந்த இடத்தில் சிரித்தார். அந்த வீட்டில் பல நாளுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு என்று உன் தம்பி பிறகு சொன்னான்.

முடித்ததும் எழுந்து போய் விளக்கை ஏற்றினார். பிறகு, "அடுத்த ஞாயித்துக்கெழமை வாப்பா. பூரியில என்ன செஞ்சீங்கன்னு நீ சரியாவே சொல்லல" என்றார்.

ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருக்கிறேன். முதலிலிருந்து மறுபடி சொல்லிவருவதில் இப்போது நாங்கள் விசாகப்பட்டினத்தில் இருக்கிறோம். நீ பஸ் கூரையில் ஏறக் கேட்டு கண்டக்டரோடு சண்டை போடுகிறாய்.