மேளத்துக்குப் பின்னால் போகும் கார்

9-1-1947

கடைக்கு மிளகாய் வத்தல் லோடு இரண்டு வந்தது. ஒன்றில் ஈரம். அண்ணாச்சி வண்டிக்காரனைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்துச் சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, மதுரைல ஒரு காரு பேசி முடிச்சிருக்கேன்."

அவர் ஒரு வத்தலைக் கிள்ளி முகர்ந்துகொண்டே, "கொண்டு போயி வெயில்ல காயப் போடு" என்றார். எனக்குச் சொன்னாரா, வண்டிக்காரனுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. திரும்பக் கேட்கத் தைரியம் வரவில்லை.

13-1-1947

வந்துவிட்டது. கடை வாசலில் நிற்கிறது. தெருவே கூடிவிட்டது.

மதுரையில் மில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்புகிறார். அவருடைய கார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே காரை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். விருதுநகரில் இருந்து மாட்டு வண்டியில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். குமாரலிங்கபுரம் தாண்டியிருப்போம். பின்னால் ஒரு சத்தம் கேட்டது, பக்கத்தில் ஒரு பச்சை நிறம் போனது, பிறகு புழுதிதான். மாடு மிரண்டு வண்டியை ஓடைக்குள் இறக்கிவிட்டது. கூட வந்தவர்கள் எல்லாரும் துரையைத் திட்டினார்கள். எனக்குத் திட்டத் தோன்றவில்லை.

கடையில் என் பங்கில் இருந்து எடுத்துத்தான் வாங்கினேன். முப்பத்தாறு வயதுக்கு நானாகத் தேர்ந்தெடுத்த முதல் பொருள். பள்ளிக்கூடத்தை நிறுத்தியதும் கடையில் உட்கார வைத்ததும் கூடப் பிறந்த அண்ணாச்சி. சௌந்தரத்தைப் பார்த்துக் கல்யாணம் முடித்ததும் அவர்தான். (அதில் எனக்குக் குறை இல்லை.)

எஞ்சின் மூடி நீளமாக, தோல் வார் போட்டு இறுக்கியிருக்கிறது. மேல் கூரை கித்தான். இப்போது பின்னால் மடக்கிவிட்டிருக்கிறது. கொண்டுவந்து விட்ட டிரைவர், துரை இதை மணிக்கு எண்பது மைலில் ஓட்டுவார் என்றார். திருச்சுழி ரோட்டில் ஒரு தடவை நானும் எண்பது போக வேண்டும். ஒரே தடவை போதும். மண்டி லாரியை ஓட்டிப் பழகிய கைதானே!

சௌந்தரம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"மேல கூரையைக் காணோமே. மழை வந்தா?"

"இந்த ஊர்ல மழை எங்க வருது?"

"அதுவும் சரிதான்" என்று உள்ளே போய்விட்டாள்.

15-1-1947

அண்ணாச்சி நேற்றெல்லாம் என்னோடு பேசவில்லை. இன்று காலையில் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "கோயிலுக்கு விடு. மெதுவாப் போ, நாலு பேரு பாக்கட்டும்."

மெதுவாகப் போனேன். நாலு பேர் பார்த்தார்கள்.

28-1-1947

தை பிறந்ததுதான் தாமதம். பருத்திக் கடைக்காரர் தாம்பூலத்தோடு வந்துவிட்டார். மகனுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும். "ஒரே ஒரு ஊர்வலம் தம்பி." அண்ணாச்சி தாம்பூலத்தை வாங்கிக்கொண்டார். கேட்டது என்னிடம், வாங்கியது அவர்.

மேளக்காரர்கள் முன்னால், காஸ்லைட் இரண்டு பக்கமும், நடுவில் என் கார். நாயனக்காரர் நின்று வாசித்தால் நானும் நிற்க வேண்டும். நடக்கிற குழந்தை என்னைத் தாண்டிப் போனது. இரண்டாவது தெருவிலேயே முன்பக்கம் கொதித்து ஆவி கிளம்பிவிட்டது. மாப்பிள்ளை பாவம், மாலையோடு இறங்கி ஓடினார். யாரோ கல்யாணப் பந்தலில் இருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அதில் ரோஜா இதழ் மிதந்தது.

2-2-1947

வீரசோழனில் இருந்து மெக்கானிக் சிக்கந்தர் பாய் வந்தார். பினாங்கில் வேலை பார்த்தவர். பினாங்கில் எந்த எந்தப் பெரிய மனிதர் காரில் எல்லாம் கை வைத்தார் என்று சொல்லி முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு மூடியைத் திறந்தார்.

"முதலாளி, இது ஓடுறதுக்குன்னே செஞ்ச எஞ்சினு. ஓடுனாத்தான் காத்து உள்ள போவும், சூடு ஆறும். நீங்க மேளத்துக்குப் பின்னால உருட்டுனா கொதிக்காம என்ன செய்யும்?"

"அப்போ வேகமா ஓட்டணுங்கீங்க?"

"பின்னே?"

கேட்கவே சந்தோஷமாக இருந்தது. எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். கடைசியில் தரையில் இரண்டு நட்டு மிச்சம் கிடந்தது. "சீமைக்காரன் எப்பவும் கூடுதலாத்தான் போட்டுவிடுவான்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

10-2-1947

இன்று ஊர்வலம்.

12-2-1947

இன்றும்.

27-4-1947

என் புத்தியை என்னவென்று சொல்ல? ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டுக்கும் சரி என்று சொல்லியிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. எதிரில் வந்து நின்று கேட்டால் இல்லை என்ற சொல் எனக்கு வாயில் வருவதில்லை. தலைதான் ஆடுகிறது.

ஒரு மாப்பிள்ளையைக் கோயிலில் ஏற்றி மண்டபத்தில் இறக்கினேன். அடுத்த மாப்பிள்ளை அதுவரைக்கும் தெரு முக்கில் பட்டு வேட்டியோடு நின்றார். ஏற்றிக்கொண்டு கிளம்பினால் தீய்ந்த வாடை. வண்டி உறுமுகிறது, நகரவில்லை. அவரை நடத்தியே கூட்டிப் போனார்கள். இப்போது இரண்டு வீட்டாரும் என்னோடு பேசுவதில்லை. முதல் வீட்டுக்காரர் ஏன் பேசவில்லை என்பதுதான் புரியவில்லை.

3-5-1947

கிளச் பிளேட் கருகிவிட்டது. பம்பாயில் இருந்து வர வேண்டுமாம். பம்பாயிலும் இல்லையென்றால் சீமையில் இருந்து.

வாங்கி நாலு மாதம் ஆகப்போகிறது. நான் எனக்காக ஒரு பர்லாங்குகூட ஓட்டவில்லை.

14-7-1947

பிளேட் வந்து மாட்டியாகிவிட்டது. இரண்டு மூன்று நாளில் ஆடி பிறக்கிறது. கல்யாணம் கிடையாது. பெட்ரோல் ரேஷன் கூப்பனைச் செலவு செய்யாமல் சேர்த்து வைத்திருக்கிறேன்.

20-7-1947

இன்று போனேன். ஐயோ, இன்று போனேன்.

விடிந்ததும் சௌந்தரத்தை ஏற்றிக்கொண்டு திருச்சுழி ரோட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு பக்கமும் கரிசல், நடுவில் ரோடு, ஆள் நடமாட்டம் இல்லை. கூரையை மடக்கிவிட்டேன். முப்பது. நாற்பது. சௌந்தரம் முந்தானையைத் தலையோடு இழுத்துக் கட்டிக்கொண்டு கதவைப் பிடித்துக்கொண்டாள். பயப்படுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம்" என்றாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவள் என்னிடம் இன்னும் கொஞ்சம் என்று எதையும் கேட்டதில்லை.

ஐம்பது. அப்போது பார்த்தால் ரோட்டின் நடுவில் கரி பஸ் நிற்கிறது. பின்பக்க அடுப்பில் கரி போட்டுக் கிளப்பியும் கிளம்பவில்லையாம். ஜனங்கள் எல்லாம் இறங்கிக் கையை ஆட்டுகிறார்கள். நிறுத்தாமல் போயிருக்கலாம். துரையாக இருந்தால் போயிருப்பார்.

"திருச்சுழிக்குத்தானே ஐயா போறீக?" என்று ஒரு கிழவி, பெயர் பிச்சையம்மாள், ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்துவிட்டுத்தான் கேட்டாள். பிறகு யார் ஏறினார்கள், எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. கதவுக்குக் கீழே மிதிபலகையிலும் எஞ்சின் மூடி மேலும் ஆட்கள். ஒருவர் கோர்ட்டுக்குப் போகிறாராம், வக்கீல் காத்திருப்பாராம், சீக்கிரம் விடச் சொன்னார். பாரம் தாங்காமல் சக்கரத்து வில் ஒடிந்தது. மீதி தூரம் நடையாக உருட்டினேன். தோல் சீட்டை ஆட்டுக்குட்டி நனைத்துவிட்டது.

திரும்பும்போது சௌந்தரம், "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே உங்களுக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

15-8-1947

சுதந்திரம். பெரிய ஊர்வலம். கட்சிக்காரர்கள் கொடி கட்டி முதலில் விட்டது என் காரைத்தான். கொதித்தது.

30-11-1947

ஐப்பசியும் போய்விட்டது. நாலு தூறலோடு சரி. மானாவாரிப் பருத்தி முளையிலேயே காய்ந்துவிட்டது. கடைக்கு லோடு குறைவு. சௌந்தரத்தின் தம்பி சின்னத்துரை திருச்சுழிப் பக்கம் தோட்டத்தில் மிளகாய் போட்டிருக்கிறான். கிணற்றில் அடியில் தண்ணீர் இருக்கிறது, மாடு பூட்டிக் கமலையில் இறைக்கிறான். இந்த வட்டாரத்தில் பச்சை தெரிகிற இடம் அது ஒன்றுதான்.

11-1-1948

சின்னத்துரை வந்திருந்தான். அவன் மாடுகள் இரண்டும் வெக்கை நோயில் செத்துவிட்டன. பக்கத்து ஊர்களிலும் அப்படித்தான். வாடகைக்கும் மாடு கிடைக்கவில்லை. கமலை சும்மா நிற்கிறது. செடி பூ விட்டிருக்கிறது.

சாப்பிட்டுவிட்டு வாசலில் காரைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் வேறு பேச்சுப் பேசினேன். மாட்டுச் சந்தை, மழை, என்னென்னவோ.

"அத்தான், சிக்கந்தர் பாயி சொன்னாக. எஞ்சினை இறக்கிப் பம்போட மாட்டிட்டா மூணு கமலைத் தண்ணி வருமாம். பழம் பறிக்கிற வரைக்கும்தான். பறிச்ச மறுநாள் திருப்பி மாட்டிருவோம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் இப்படிச் சொன்னது அநேகமாக இதுதான் முதல் தடவை.

12-1-1948

மாட்டேன். இதை மட்டும் கொடுக்க மாட்டேன். எல்லாத்தையும் குடுத்தாச்சு. கல்யாணத்துக்குக் குடுத்தேன், கட்சிக்குக் குடுத்தேன், ஆட்டுக்குட்டிக்குக் குடுத்தேன். எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு, அதோட நெஞ்சைப் புடுங்கிட்டுப் போறேங்குறான். எவன் கேட்டாலும் மாட்டேன்.

சௌந்தரம் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் அவளிடம் வாயைக் கொடுத்தேன்.

"நான் கேக்க மாட்டேன்" என்றாள். "அவன் என் தம்பி. ஆனா அது உங்க வண்டி. நீங்க அதுல உக்காந்து சிரிச்சதை நான் பாத்தேன்ல."

அவள் கேட்டிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ.

14-1-1948

பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போனோம், பஸ்ஸில். செடிகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. சின்னத்துரையும் அவன் பெண்டாட்டியும் கிணற்றில் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். பொங்கல் அன்றைக்கு! அவள் உள்ளங்கை கிழிந்து துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வாங்கண்ணே" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

19-1-1948

இறக்கிவிட்டார்கள். மூங்கில் முக்காலி நாட்டி, சங்கிலி போட்டு, சிக்கந்தர் பாய் பினாங்குக் கதை சொல்லிக்கொண்டே தூக்கினார். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி எஞ்சினைப் படுக்க வைத்தார்கள். வெயில் படாமல் சௌந்தரம் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடினாள். வண்டி தெரு திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்குப் போகவில்லை. அண்ணாச்சி ஆள் விட்டார். தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

25-1-1948

ஓடுகிறது. பெட்ரோலில் உசுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். பாய் வேகத்துக்குக் கட்டிய கயிற்றை இழுத்து எஞ்சினை முழுசாகத் திறந்துவிட்டார். இவ்வளவு நாளும் அந்த எஞ்சினின் முழுச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஓடைக்குள் இறங்கிய அன்றைக்குக் கேட்டது தவிர. கிணற்றுத் தண்ணீர் அதைச் சுற்றி ஓடுவதால் கொதிக்கவும் இல்லை.

வாய்க்காலில் தண்ணீர் விழுந்ததும் சின்னத்துரை பெண்டாட்டி அதில் இறங்கி நின்று அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் அழுதது ஒரே காரணத்துக்கு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பாதி அப்படித்தான்.

11-4-1948

முதல் லோடு வத்தல் வந்தது. நல்ல நிறம். அண்ணாச்சி கிள்ளி முகர்ந்து தலையை ஆட்டினார். ஊரில் வேறு யாரிடமும் சரக்கு இல்லை. பழம் பறித்தாகிவிட்டதே என்று சின்னத்துரையிடம் கேட்க நினைத்தேன். அடுத்து கத்திரி போட்டிருக்கிறானாம்.

22-8-1948

சிக்கந்தர் பாயைக் கேட்டேன். மண்ணெண்ணெய் குடித்துப் பழகிய எஞ்சின் இனி வண்டிக்கு ஆகாது என்கிறார். நிஜமா, சின்னத்துரைக்காகச் சொல்கிறாரா? அவருக்கும் அவ்வளவு தெரியாது என்பது எனக்குத் தெரியும். கழற்றிய அன்று மிச்சம் வந்த சாமான் ஒரு கூடை இருக்கிறது.

எஞ்சின் இல்லாத கார்க் கூட்டை விற்றுவிடலாம் என்றேன். அண்ணாச்சி, "கெடக்கட்டும். பளபளன்னுதானே இருக்கு" என்றார்.

6-2-1949

அண்ணாச்சி மகனுக்கு இன்று மாப்பிள்ளை அழைப்பு. காரைக் கழுவி, துடைத்து, முழுக்கப் பூச்சரம் கட்டினார்கள். முன்னால் நுகத்தடி கட்டி வண்டிக்கார மாரிச்சாமியின் புது மாடுகளைப் பூட்டினார்கள். கொம்புக்கு ஜிகினா. திருப்பவும் பிரேக் பிடிக்கவும் ஆள் வேண்டுமே. "ஏலே காசி, ஒன் வண்டி, நீயே உக்காரு" என்றார் அண்ணாச்சி.

உட்கார்ந்தேன். கொதிக்கவில்லை, கருகவில்லை, நாயனக்காரர் நின்றபோது மாடுகளும் நின்றன. ஊரே மெச்சியது. பருத்திக் கடைக்காரர் பக்கத்தில் வந்து, "இப்பத்தான் தம்பி வண்டி ஒழுங்கா ஓடுது" என்றார். இரண்டு பேர் அடுத்த முகூர்த்தத்துக்குச் சொல்லி வைத்தார்கள். தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து வேட்டி மாற்றிக்கொண்டிருந்தபோது சௌந்தரம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஊர்வலத்தில் பெண்களோடு காரின் பக்கத்திலேயே நடந்து வந்தவள்.

"கால் வலிக்குதா?"

"எதுக்கு வலிக்கணும்?"

"கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும் வலது காலை எடுக்காம, அன்னிக்கித் திருச்சுழி ரோட்டுல மிதிச்ச மாதிரியே மிதிச்சுக்கிட்டு வந்தீகளே."

நான் கவனிக்கவே இல்லை. பிறகு தொட்டுப் பார்த்தேன். தொடை வரைக்கும் வலித்தது.