பதினேழாம் எண் வீட்டில் முப்பத்தெட்டுப் பேர்

ஹார்ட்வெல், கென்டக்கி
12 ஆகஸ்ட் 2002

அன்புத் தம்பி வெர்னனுக்கு,

அக்கா ஆர்ஃபா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். தக்காளி கொட்டிக் கிடக்கிறது, வந்து தின்னத்தான் உனக்கு நேரமில்லை.

நீ அனுப்பிய அரசாங்க அட்டவணையைப் பார்த்தேன். வலி மாத்திரைக்கு அடிமையாகிச் சிகிச்சையில் சேர்ந்தவர்கள், மாவட்டவாரியாக, ஜனவரி முதல் ஜூன் வரை. பக்கத்து மாவட்டம் தொண்ணூற்றொன்று. நம் ஹார்ட்வெல் ஆறு! நல்லாயிருக்குடா உன் கணக்கு! அந்த ஆறு மாதத்தில் நான் மட்டும் நம் சர்ச் சபை வேனில் நாற்பத்து மூன்று பேரை லெக்சிங்டன் சிகிச்சை இல்லத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். அதில் ஏறி இறங்கிய பிள்ளைகள்தான் இவர்கள்.

மலைப் பக்கம் புதிதாக இரண்டு சிகிச்சை இல்லம் திறக்கப் போகிறார்கள், அட்டவணையைப் பார்த்துத்தான் இடம் முடிவாகும் என்று நீயே எழுதியிருக்கிறாய். இப்போது வாரம் இரண்டு நாள், திங்களும் வியாழனும், லெக்சிங்டன் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். இந்தத் தூரத்துக்கு மலைத்துத்தான் நம் ஊர் மிஸ்டியின் புருஷன் வேனில் ஏறவே இல்லை. மே மாதம் அவனைப் புதைத்தோம். நமக்கு இங்கேயே ஓர் இல்லம் வேண்டும். அந்த ஆறைச் சரிசெய்.

உன் அக்கா,
ஆர்ஃபா


லெக்சிங்டன்
26 ஆகஸ்ட் 2002

அன்பு அக்காவுக்கு,

உன் கோபம் தாள் முழுக்க அனலடித்தது. நகரங்களில் இந்த எண்ணிக்கை அசையவே இல்லை. கிழக்கு மலை மாவட்டங்களிலோ நாலு வருஷத்தில் நாலு மடங்காகிவிட்டது. நம் ஹார்ட்வெல் மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. அப்பாடா, நம் ஜனங்கள் தப்பித்தார்கள் என்று நானும் மடையன்போலப் பெருமைப்பட்டேன்.

சேருகிறவர் சொல்லும் விலாசத்தை வைத்துத்தான் மாவட்டம் பிரிக்கிறோம். நீ எழுதியபின் படிவங்களைத் தேடினேன். லெக்சிங்டனில் ஒரே வீட்டிலிருந்து முப்பத்தெட்டுப் பேர். ஆஷ் தெரு, பதினேழாம் எண். அக்கா, அது என் வீடு!

மேலதிகாரி ப்ரூயிட் அம்மா கூப்பிட்டு, "வெர்னன், உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேரு?" என்றார். "நானும் பூனையும்தாம்மா" என்றேன். "அப்போ பூனையோட சேத்து நாப்பது பேரு. பெரிய குடும்பம்தான்!" என்றார். அலுவலகமே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிகிச்சை இல்லத்திலிருந்து யார் யார் பெயருக்கோ கடிதங்கள் வந்தன. "இங்கே இப்படி யாரும் இல்லை" என்று எழுதி அத்தனையையும் திருப்பி அனுப்பினேன். அதெல்லாம் அவர்களை மறுபடி வரச்சொல்லும் கடிதங்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. என்ன செய்து வைத்திருக்கிறாய் நீ?

தம்பி,
வெர்னன்


ஹார்ட்வெல்
4 செப்டம்பர் 2002

அன்புத் தம்பிக்கு,

அடிக்காதே, சொல்லிவிடுகிறேன். நம் பள்ளத்தாக்கில் எல்லோருடைய தபால் பெட்டியும் முகப்பில் ஒரே வரிசையில் நிற்கும். சிகிச்சை இல்லத்து உறை ஒன்று வந்தால் சோளரொட்டி வேகுமுன் ஊருக்கே தெரிந்துவிடும். பயந்தார்கள், பாவம். "எங்க தம்பி விலாசத்தைக் குடுங்க. தனிக்கட்டை, வாயத் தொறக்க மாட்டான்" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதனால் நம் மாவட்டமே கணக்கிலிருந்து காணாமல் போகும் என்று கண்டேனா? யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

வேனில் எல்லோரிடமும் கேட்டேன், உண்மையான ஊரை எழுதிக்கொடுங்கள் என்று. டேரல், "ஊருக்குத் தெரிஞ்சா எங்கம்மா சர்ச்சுக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவாங்க?" என்றான். மிஸ்டி என்னையே பார்த்தாள். புருஷனைப் புதைத்த மறுவாரமே வேனில் ஏறியவள் அவள். "சுலபமா சொல்லிட்டீங்க ஆர்ஃபாம்மா. உங்களுக்கு இந்த நெலம வந்திருந்தா எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

ஒருவரும் எழுதித் தரவில்லை.

ஆர்ஃபா


லெக்சிங்டன்
16 செப்டம்பர் 2002

என் அன்பு அக்கா,

இதை நான் எழுதக் கூடாது. அலுவலகத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

ஆறும் முப்பத்தெட்டும் நாற்பத்து நான்கு. நீ நாற்பத்து மூன்று என்றாய். மிச்சம் ஒருவர் யார் என்று பார்த்தேன். எங்கள் படிவத்தில் பெயர் இருக்காது. ஆணா பெண்ணா, பிறந்த தேதி, அவ்வளவுதான். பெண். 1941 நவம்பர் 9.

அது உன் பிறந்தநாள், அக்கா. முதுகு அறுவைக்குப் பிறகு டாக்டர் கொடுத்த மாத்திரைதானே? மற்றவர்கள் உள்ளே இருக்கும்போது நீ சிகிச்சை இல்லத்துச் சமையற்காரியோடு காப்பி குடிக்கிறாய் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். நீ இன்னொரு கதவு வழியாக உள்ளே போயிருப்பாய். உன் வேதனையையும் சுமந்துகொண்டு வண்டி நிறைய ஆட்களையும் சுமந்தாயே! எனக்குத் தெரிந்தவர்களில் உன்னைப்போல நெஞ்சுரம் உள்ளவர் யாருமில்லை.

நீ வெளியில் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. திருத்தப் படிவங்கள் நாற்பது இதனுடன் இருக்கின்றன. அவரவர் கையெழுத்தோடு அக்டோபர் 15க்குள் வந்தால் கணக்கில் சேரும். வராவிட்டாலும் நீ என் அக்காதான்.

வெர்னன்


ஹார்ட்வெல்
9 அக்டோபர் 2002

தம்பி,

உன் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். உன்னிடம் சொல்லாதது தப்பு. வெட்கம்டா, வேறென்ன? பிப்ரவரியில் முதன்முதலாக அந்தக் கதவைத் தாண்டினேன். அதற்குப் பிறகு ஒரு மாத்திரை தொடவில்லை. அதன்பின் பத்து நாள் கழித்துத்தான் வேன் சாவியைக் கையில் வாங்கினேன்.

போன வாரம் திங்கட்கிழமை பாதி வழியில் வேனை ஓரங்கட்டினேன். திரும்பி உட்கார்ந்து, "மிஸ்டி, அன்னைக்குக் கேட்டியே. எனக்கும் வந்துச்சு. நானும் பொய் விலாசந்தான் குடுத்தேன்" என்றேன். எல்லோர் கண்ணெதிரிலும் என் படிவத்தில் ஹார்ட்வெல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டேரல்தான் முதலில் வாய் திறந்தான். "பேனாவக் குடுங்க. நீங்களே எழுதிட்டீங்க, எனக்கென்ன கேடு!" என்றான். அப்புறம் வீடு வீடாகப் போனேன். என்னோடு சேர்த்து இருபத்தொன்பது பேர் கையெழுத்து இதோ. ஒன்பது பேர் மாட்டேன் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஞாயிறன்று நம் சபைப் போதகர் ஹோபர்ட் வேன் சாவியை வாங்கிக்கொண்டார். "உன்மேல எனக்கு மதிப்புக் கூடித்தான் இருக்கு, ஆர்ஃபா. ஆனா சிகிச்சையில இருக்கிறவ கையில சபை வண்டியக் குடுக்க சபை மூப்பர்கள் ஒத்துக்கல" என்றார். நியாயமோ அநியாயமோ, வேன் ஷெட்டில் நிற்கிறது. ஓட்ட வேறு ஆளில்லை. முந்தாநாள் திங்கட்கிழமை யாரும் போகவில்லை, நாளை வியாழனும் அதே கதிதான். சிகிச்சை தவறியதில் டேரலுக்கு நடுக்கம் கண்டிருக்கிறது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, வெர்னன்.

ஆர்ஃபா


லெக்சிங்டன்
18 அக்டோபர் 2002

என் அக்காவுக்கு,

அட்டவணையை மறுபடி அச்சிட்டோம். ஹார்ட்வெல்: முப்பத்தைந்து. இத்தனை சின்ன மாவட்டத்தில் இத்தனை பேரா என்று இடம் முடிவுசெய்யும் குழுவே கேட்டது. நேற்று முடிவாகிவிட்டது. முதல் சிகிச்சை இல்லம் ஹார்ட்வெல்லுக்குத்தான். ஏப்ரலில் திறக்கிறார்கள்.

ப்ரூயிட் அம்மா உன் படிவத்தைக் கையில் எடுத்து, "இவங்க யாரு வெர்னன்?" என்று கேட்டார். "எங்கக்கா" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் எப்படிச் சொல்வேன்!

ஏப்ரல் வரை என்ன செய்வது என்றுதானே உன் கவலை? எனக்கு நாற்பத்தெட்டு நாள் விடுப்பு மிச்சமிருக்கிறது, வாரம் இரண்டு நாளாக எடுத்தால் ஏப்ரல் வரை வரும். இத்தனை வருஷமும் எதற்காகச் சேர்த்து வைத்தேனோ, தெரியவில்லை. போதகரிடம் தொலைபேசியில் பேசிவிட்டேன். சாவியை எனக்குத் தருவதில் மூப்பர்களுக்கு ஆட்சேபமில்லையாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்துவிடுகிறேன். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு வேன் கிளம்பும். டேரலிடம் சொல்லிவை. அந்த மலைப்பாதை வளைவுகள் எனக்குப் பழக்கமில்லை. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்.

தம்பி,
வெர்னன்