சேர்வை: ஓர் அட்டை விளையாட்டின் வெளியீடு

ஜூன் 13, வியாழன்

கச்சான் காற்று. துடைக்கத் துடைக்க மேசையில் மண். சிலாபத்து அச்சகத்திலிருந்து பெட்டிகள் இன்னும் வரவில்லை. ஞாயிறு வெளியீடு.

மண்டபப் பொறுப்பாளர் வந்து அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காட்ஸ் விளையாட்டு எண்டு போட்டா பள்ளிவாசல்ல கதை வரும் டீச்சர். சூது எண்டுவாங்க. புத்தக வெளியீடு மாதிரிப் போடுங்களன்."

"இது ரசாயனம். மூலகங்களச் சேத்துச் சேர்வை செய்யிற. சோடியமும் குளோரீனும் சேந்தா உப்பு."

"எனக்கு விளங்குது. ஊருக்கு விளங்கணுமே."

விட்டுக்கொடுத்தேன். முதற்பிரதி, ஆய்வுரை, ஏற்புரை எல்லாம் போட்டாயிற்று. எப்படியோ சனம் வந்தால் போதும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். எங்காவது நாலு பேர் வட்டமாக இருந்து ஓர் ஆட்டத்தை முடிக்க வேண்டும். சண்டை பிடித்தாலும் சரி. தங்கச்சி குடும்பம் மன்னாருக்குத் திரும்பிப் போன பிறகு வீட்டில் ஆட ஆளில்லை. இவருக்கு அட்டையைக் கண்டாலே கொட்டாவி. வெள்ளைத் தாளில் வெட்டிய மாதிரி அட்டைகளை வைத்து நாலு கையையும் நானே ஆடுகிறேன்.

நாளைக்கு: பொன்னாடை. பிஸ்கட். கதிரைக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 15, சனி

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரத்துக்குப் பெட்டிகள் வந்தன. பொலித்தீன் ஒட்டி மினுமினுவென்று. நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒன்றைப் பிரிக்கப் போனேன்.

"பிரிச்சா ஆரு வாங்குவாங்க?" என்றார் இவர்.

அதுவும் சரி. வைத்துவிட்டேன். எல்லாவற்றிலும் மேலே கையெழுத்து மட்டும்.

ஜூன் 16, ஞாயிறு

கிராஅத் ஓதல். வரவேற்புரை. முதற்பிரதி ஹாஜியாருக்கு. கருவாட்டு மொத்த வியாபாரி, மண்டபத்து மின்விசிறியெல்லாம் அவர் கொடுத்தது. இரண்டு கையாலும் வாங்கிக் கமராவைப் பார்த்தார். பிறகு சிறப்புப் பிரதிகள், ஒரு நீண்ட வரிசை.

ஆய்வுரை, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் சேர். "இந்நூலின் ஒவ்வொரு பக்கமும்" என்று தொடங்கினார். கையில் பெட்டி. பொலித்தீன் அப்படியே.

பின்வரிசையில் இரண்டு பேர்.

"எத்தின பக்கமாம்?"

"தெரியா. பாரமாத்தான் இரிக்கி."

கடைசியில் நாலு பேரை மேடையில் இருத்தி ஆடிக் காட்டுவதாக இருந்தது. அதற்குள் பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு. சோற்றுப் பார்சலும் வந்துவிட்டது. எழும்பிவிட்டார்கள்.

மிச்சம் இரண்டே பெட்டி. சந்தோசப்பட வேண்டும். படுகிறேன் போலத்தான் இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

ஆசிரியர் அறையில் வாழ்த்து மழை. "அருமையான ஆக்கம் டீச்சர்." எந்தச் சேர்வை பிடித்தது என்று கேட்டேன். "எல்லாமே நல்லம்."

பிள்ளைகளோடு ஆட ஒரு பாடவேளை கேட்டேன். பரீட்சை முடியட்டுமாம். பரீட்சைக்கு வராததைப் பரீட்சை முடிந்த பிறகு எவன் தொடுவான்?

தலையிடி. வெங்காயம் முடிந்துவிட்டது.

ஜூன் 29, சனி

காற்று நிற்கவில்லை. கரண்ட் இல்லை. டீவி இல்லாமல் இவருக்குப் பொழுது போகவில்லை. அவராகவே, "சரி, கொண்டாங்க, ஒரு கை போடுவம்" என்றார். இத்தனை காலத்தில் முதல் தடவை. ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

பிரித்தேன். கலைத்தேன். பகிர்ந்தேன். எனக்குக் குளோரீன். அவருக்கும் குளோரீன். எடுக்க எடுக்கக் குளோரீன். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினோம். ஒட்சிசன் இல்லை. ஐதரசன் இல்லை. அவை இருந்த தாளுக்குப் பதிலாகக் குளோரீன் தாளையே இரண்டு தடவை அடித்திருக்கிறார்கள். மற்றப் பெட்டியையும் உடைத்தேன். அதுவும் அப்படியே.

தண்ணீர் இல்லை, துரு இல்லை, சீனி இல்லை. பட்டியலில் செய்யக்கூடியது உப்பு ஒன்றுதான். உப்பளமுள்ள புத்தளத்தில் உப்புக்கு அட்டையா வேண்டும்?

இவர் குளோரீன்களை எண்ணி அடுக்கினார்.

"ஆரும் ஒண்டும் சொல்லல்லயே?"

அதுதான். ஊரெல்லாம் பிழையான பெட்டி. ஒருவர்கூட முறைப்பாடு சொல்லவில்லை. அச்சகத்துக்காரன் மேல் கோபமே வரவில்லை. குசினிக்குள் போய் அழுதேன்.

ஜூலை 1, திங்கள்

அச்சகத்துக்குப் போன். முதலாளி சிங்களவர், தமிழ் நல்லாக வரும். "ஐயோ மிஸ், எங்கட பிழைதான். அந்தத் தாள அடிச்சுத் தாறன்." பிறகு, "ஆனா ஒருத்தரும் உங்களுக்கு கோல் பண்ணல்லயா?"

தாள் எப்போது வரும் என்று கேட்டேன்.

ஜூலை 6, சனி

விடுபட்ட அட்டைகள் வந்துவிட்டன. கவர்களில் போட்டு வீடு வீடாக. முதலில் ஹாஜியார் வீடு. கண்ணாடி அலுமாரியில் கோப்பைகளுக்கு நடுவே பெட்டி. பொலித்தீனோடு.

"பேத்தி பிரிக்கப் பாத்தா. கையில ஒண்டு போட்டன்" என்றார் ஹாஜியாரின் மனைவி. "உங்கட கையெழுத்தெல்லாம் இரிக்கே."

"இந்தக் கவர்ல உள்ளத அதுக்குள்ள போடணும் ராத்தா. இல்லாட்டி ஆடேலா."

"வெச்சிட்டுப் போங்க. பத்திரமா இரிக்கும்."

கவரைப் பெட்டியின் மேல் வைத்து அலுமாரியைப் பூட்டினார். மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதேதான். ஒரு வீட்டில் பெட்டி எங்கே என்று தேடவே இல்லை. கவரை வாங்கி ஃப்ரிட்ஜுக்கு மேல் வைத்தார்கள். கால் வலி.

ஜூலை 7, ஞாயிறு

அதிபர் சேர் வீடு. கடைசிக் கவர். இன்னும் இரண்டு மூன்று நாளில் ரமழான் நோன்பு. சேருக்காவது நேரே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பெட்டி பிழை, ஆட முடியாது, நீங்கள் பிரிக்கவே இல்லை என்று.

கவரைத் திறந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஆ, ரெண்டாம் பாகம்."

"இல்ல சேர், இது முதல் பெட்டியில விடுபட்டுப்போன..."

"அடக்கம் வேணாம் டீச்சர். அண்டைக்கே மேடையில சொன்னன், இவ இன்னும் எழுதுவா எண்டு. ஹாஜியாரிட்ட நான் கதைக்கிறன். முதற்பிரதி அவருக்குத்தான். ஆய்வுரைய நான் பாத்துக்கொள்றன். திகதியச் சொல்லுங்க."

டயறியைத் திறந்து, பேனையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு ஆசையோடு.

"நோன்பு முடியட்டும் சேர்" என்றேன்.