சாமிக்குக் கொடுத்த பணத்தில் என் சோறு

என்னங்க,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. இப்படிக் கூப்பிட்டால்தான் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று இப்படியே தொடங்குகிறேன்.

பஸ் ஓட்டிச் சேர்த்து, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பி.எஃப். பணத்தை, கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்யும் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தீர்கள். நம் இருவரில் கடைசி ஆள் இருக்கும்வரை மாதாமாதம் நமக்கு ஒரு தொகை. அதற்குப் பிறகு மொத்தமும் சோற்றுக்கு. நானும் வரவு செலவு போட்டுப் பார்த்துத்தான் சரி என்றேன். முதல் மாதப் பணம் வருவதற்குள் நீங்கள் இல்லை.

அந்தப் பணத்தில் வாங்கிய அரிசியை வடித்து, தட்டில் கை வைத்தேன். முதுகுக்குப் பின்னால் மெதுவாகக் கை தட்டும் சத்தம். கோயிலில் சண்டிகேசுவரர் முன்னால் நீங்கள் தட்டுவீர்களே, அதே தட்டல். சிவன் சந்நிதியிலிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவீர்கள். நான் எதைக் காட்டுவேன்? கொடுத்த அன்றே அது சிவன் பணம் ஆகிவிட்டதே. அதைத்தானே நான் தின்கிறேன்?

அன்றிலிருந்து பணம் வந்ததும் எடுத்துக்கொண்டு போய்க் கோயில் உண்டியலில் போட்டுவிடுவேன். எனக்கு ஒரு வேளைக் கஞ்சி. கண்ணை மூடினால் மலையைச் சுற்றி இலை போட்டிருக்கும், எல்லாம் காலி இலை. உட்கார்ந்திருப்பவர்கள் என்னையே பார்ப்பார்கள், இவள் எப்போது போவாள் என்று. அந்த வரிசையில் நீங்களும் இருந்தீர்களா?

போன பௌர்ணமிக்கு மலை சுற்றும்போது அந்த அன்னதானக் கூடத்து வாசலிலேயே மயங்கி விழுந்தேன். மேனேஜர்தான் தண்ணீர் தெளித்து எழுப்பினார்.

"என்னம்மா, சோறு போடற எடத்துல வந்து பட்டினியில விழறீங்க? எங்க பேரு என்னாவறது?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணன் கையெழுத்துப் போடும்போது என்ன சொன்னாரு தெரியுமா? 'முதல் இலை என் வீட்டுக்காரிக்கு. அவ சாப்பிட்டு எழுந்தப்புறம் மத்தவங்களுக்குப் போடுங்க'ன்னாரு. இலையில போட்ட சோத்தை மறுபடியும் அண்டாவுல கொட்டுவீங்களா?"

"ஐயோ, எச்சில் ஆச்சே."

"அதைத்தாம்மா செஞ்சிட்டிருக்கீங்க."

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? எனக்கு முன்னால் போய்விடுவீர்கள் என்று அப்போதே தெரியுமா உங்களுக்கு?

இன்று மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். சோற்றில் கை வைத்ததும் தட்டல் கேட்டது. நீங்களா, சண்டிகேசுவரரா, தெரியவில்லை. திரும்பிப் பார்க்காமல் இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டேன்.

இனி ஒரு வேளையும் விடமாட்டேன், அண்ணாமலையார்மேல் சத்தியம். அதனால் நான் வந்து சேர நாளாகலாம். கோபப்படாமல் காத்திருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி,
சகுந்தலா