குகன் அண்ணை கேட்ட ஒலிப்பதிவு

பெப்ரவரி 3, திங்கள்

மழை. காலை ஏழு மணிக்கே பஸ் நிறைந்து வந்தது, வேலை வரை நின்றபடி பயணம். பல் வைத்தியரிடம் முன்பதிவு செய்த இரண்டு பேர் வரவில்லை. ஒருவர் நாள் மாறி வந்து சத்தம் போட்டார். மன்னிப்புக் கேட்டது வரவேற்பு மேசையில் இருக்கும் நான்.

வாங்க வேண்டியது: பால், வெந்தயம், குளியலறைக்கு பல்ப்.

குகன் அண்ணை இன்றும் எழுதவில்லை. இது மூன்றாவது திங்கள். ஞாயிறு மாலை டிவியில் 'நரிகள்' போகும், திங்கள் காலை அவருடைய விமர்சனம் குழுவுக்கு வரும். இத்தனை வருடத்தில் ஒரு தடவை பிந்தியிருக்கிறது, அதுவும் அவர் வீட்டுக் கூரை ஒழுகிய வாரம்.

வேலையில் ஜெனி கேட்டாள், ஏன் முகம் இப்படி என்று. விளக்கப் போனால் எனக்கே விசர்க் கதையாகப் பட்டது. எட்டுப் பேர் உள்ள ஒரு குழு. மலரக்கா என்று ஒரு பாடகி, லண்டன் மண்டபங்களில் மட்டும் பாடியவர், ஒரு இசைத்தட்டும் போடாமல் இறந்துபோனவர். கச்சேரிகளில் அவரவர் கசெட்டில் பதிவு பிடித்ததை ஒருவருக்கொருவர் அனுப்புகிறோம். அதோடு, மீன் பொரித்து விற்கும் நரிக் குடும்பத்தைப் பற்றிய கார்ட்டூன் ஒன்று. வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் ஆங்கிலம் பழகினோம். அது இன்னும் ஓடுகிறது. எப்போது கெட்டுப்போனது என்பதில்தான் குழுவில் சண்டை.

ஜெனி: "வளர்ந்த ஆக்களோ நீங்கள்?"

அவர் நரிகளைப் புகழ்ந்ததற்கு நான் கடைசியாக எழுதியது: 'பிணத்துக்குப் பவுடர் பூசுகிறீர்கள் அண்ணை.' அதன் பிறகுதான் இந்த மௌனம். கோபமாக இருக்கும். நாளைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பெப்ரவரி 5, புதன்

கோபம் இல்லை. ஆஸ்பத்திரி.

குழுவில் உள்ள நாதன் ரொறன்ரோவிலிருந்து அழைத்தார். மதிய இடைவேளை, கையில் பாண் துண்டு. "கணையத்தில புற்றுநோயாம். பிந்திக் கண்டுபிடிச்சது. கன நாள் இல்லையாம் யசோ." குழுவில் சொல்ல வேண்டாம் என்று கு. அண்ணை கேட்டாராம். "ஆனா உங்களுக்குச் சொல்லச் சொன்னவர்."

ஏன் எனக்கு?

பாணை அப்படியே சுற்றி வைத்துவிட்டேன். மூன்று மணிக்கு வந்த பிள்ளை நாற்காலியில் ஏற மறுத்து அழுதது. அது அழுதது எனக்கு வசதியாக இருந்தது.

பெப்ரவரி 8, சனி

கொலியர்ஸ் வூட்டிலிருந்து ஒரே ரயில், ஆஸ்பத்திரி உள்ள ஆர்ச்வே வரை இறங்கத் தேவையில்லை. இத்தனை கிட்ட இருந்தும் நாங்கள் நேரில் கண்டது இரண்டு தரம், இரண்டும் முருகன் கோயில் வாசலில், செருப்புத் தேடும்போது.

ஆறு கட்டில் உள்ள அறை. ஜன்னலோரம் அவர். கன்னம் உள்ளே போயிருந்தது. குரல் மட்டும் அதே குரல்.

நான் முதலில் சொன்னது: "அந்தப் பிணக் கதைக்குக் குறை நினையாதேங்கோ."

சிரித்தார். சிரிக்க நோகிறது. "நீங்கள் சொன்னது சரிதானே. நரிகள் நல்லாயில்லை. கனகாலமா நல்லாயில்லை."

எனக்கு விளங்கவில்லை. கடையில் வேலை செய்து களைத்து வரும் அப்பா நரி இப்போது சந்திரனுக்குப் போகிறது. முன்பு மழையைக் கோடு கோடாகக் கையால் கீறினார்கள், இப்போது எல்லாமே கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. குரல் கொடுத்தவரையும் மாற்றியாயிற்று. இதையெல்லாம் நான் எழுத எழுத, ஒவ்வொன்றுக்கும் மறுப்பு எழுதியவர் இவர்.

"அப்ப ஏன் அண்ணை அவ்வளவு வக்காலத்து?"

மகள் மது லீட்ஸில் இருக்கிறாளாம். பிரிந்தபோது தாயோடு போனவள், அப்போது பதினான்கு வயது. "என்னோட கதைக்கிறதுக்கு அவளிட்டை ஒண்டும் இல்லை. கேட்டாலும் 'ஓகே அப்பா', 'ஃபைன் அப்பா'. ஆனா சின்னனிலை ரெண்டுபேரும் ஒண்டாயிருந்து நரிகள் பாக்கிறனாங்கள். இப்பவும் ஞாயிற்றுக்கிழமை அது முடிஞ்ச உடனை மெசேஜ் போடுவாள். நாலு வரி, அஞ்சு வரி. நான் குப்பை எண்டு சொன்னால் பிறகு என்னத்தைக் கதைக்கிறது?"

குழுவில் எழுதியதெல்லாம் ஒத்திகையாம். எங்களுக்கு எழுதிப் பார்த்துவிட்டு, நல்ல வரிகளை அவளுக்கு அனுப்புவாராம்.

தாதி வந்து ஊசிக் குழாயைச் சரிபார்த்தார். அவர் போன பிறகு கு. அண்ணை மெதுவாக:

"யசோ, அந்த விம்பிள்டன் மண்டபத்துக் கச்சேரி. கடைசியிலை மலரக்கா பாடின தாலாட்டு. சிவா பிடிச்சவர். முன் வரிசையிலை நீங்கள் ரெண்டுபேரும் இருந்ததைக் கண்டனான்."

என் கணவர் சிவா பிடித்த அந்த ஒலிப்பதிவு பழுதாகிவிட்டது என்று குழுவுக்கு எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்.

"தேடிப் பாக்கிறன் அண்ணை."

"தேடுற இடம் உங்களுக்குத் தெரியும்."

பெப்ரவரி 9, ஞாயிறு

குளிர். வெயில் இருந்தும் குளிர். உடுப்புத் தோய்த்தேன். வெந்தயக் குழம்பு, உப்புக் கூடிவிட்டது.

குழுவில் மூன்று விதி: விற்கக் கூடாது, வெட்டக் கூடாது, இருப்பதை ஒளிக்கக் கூடாது. முதல் இரண்டை யாரும் மீறவில்லை. மூன்றாவதை மீறியது நான் ஒருத்திதான்.

கசெட் தேவையில்லை. சிவா உயிரோடு இருந்தபோதே எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டார், இதையும் சேர்த்து. அவர் போய் நாலு வருடமாகிறது, கோப்பு அவர் வைத்த இடத்தில் அப்படியே. பெயர் கூட வைக்கவில்லை. திகதி மட்டும்.

கேட்டேன். எழுதி வைக்கிறேன், ஒரு தரம் எழுதினால் பாரம் குறையுமோ என்று.

வயிற்றில் இருந்த பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போய் அப்போது ஏழு வாரம் ஆகியிருந்தது. மனம் மாறட்டும் என்று சிவா கச்சேரிக்குக் கூட்டிப் போனார். கடைசிப் பாட்டு தாலாட்டு என்று எங்களுக்கு எப்படித் தெரியும். இரண்டாவது அடியிலேயே என் குரல் கேட்கிறது: "வாங்கோ, போவம்."

அவர்: "கசெட் ஓடுது. கொஞ்சம் பொறும்."

நான்: "உங்களுக்கு ஒண்டும் நோகேல்லை. அது உங்கட பிள்ளை இல்லை மாதிரி இருக்கிறியள்."

பிறகு எங்கள் குரல் இல்லை. மலரக்கா பாடி முடிக்கிறார். கைதட்டல்.

அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம். நல்லாகத்தான் இருந்தோம். அந்தப் பிள்ளையைப் பற்றி இருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை. நான் சொன்னதற்கு அவரும் பதில் சொன்னதில்லை, நானும் அதைத் திருப்பி எடுக்கவில்லை.

இன்று 'நரிகள்' பார்க்கவில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

வேலை முடிந்து வந்து ஒலிப்பதிவை வெட்டிப் பார்த்தேன். என் குரல் வரும் இடத்தை எடுத்தால் பாட்டில் நாலு நொடி போகிறது. அதுவும் மலரக்கா மேலே ஏறும் இடம். சத்தத்தைக் குறைத்தால் அவரும் சேர்ந்து குறைகிறார். நாதனுக்கு இது செய்யத் தெரியும், ஆனால் நாதன் கேட்க வேண்டி வருமே.

மூன்று தரம் செய்து மூன்று தரம் அழித்தேன். முழுதாகவே கொண்டுபோகப் போகிறேன்.

பல்ப் வாங்கினேன், அளவு பிழை.

பெப்ரவரி 15, சனி

தூறல். ரயிலில் இடம் கிடைத்தது.

கு. அண்ணை இன்னும் சுருங்கிப் போயிருக்கிறார். தண்ணீர் ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. சொன்னேன்: "கொண்டு வந்திருக்கிறன். அதிலை நானும் கதைக்கிறன். கேட்டுப்போட்டு என்னைப் பிழையா நினையாதேங்கோ." அவருடைய பெரிய ஹெட்போனைத்தான் காதில் வைக்கச் சொன்னார். சாகிற நேரத்திலும் சின்னதில் கேட்கமாட்டாராம்.

கண்ணை மூடிக் கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். வாகனம் நிறுத்துமிடத்தில் ஒருவர் சக்கர நாற்காலியை மடிக்கத் தெரியாமல் மல்லுக்கட்டினார். என் வரி இப்போது வரும், இப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் திரும்பவும் போடச் சொன்னார். திரும்பவும். மூன்றாம் தரம் முடிய, ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

"மைக்கை எங்கை வைச்சிருந்தவர்?"

"கையிலை. சட்டைக் கைக்குள்ளை ஒளிச்சு."

"சிவா பிடிச்சது எல்லாம் கேட்டிருக்கிறன். கல்லு மாதிரிப் பிடிக்கிற ஆள். இதிலையும் முதல் அப்பிடித்தான். நீங்கள் கதைச்ச பிறகு கேட்டுப் பாருங்கோ. சத்தம் கிட்ட வருது, தூரப் போகுது."

"அது கசெட் பழசாய்ப் போனது அண்ணை."

"இல்லை. கசெட் இழுபட்டால் சுருதி ஆடும். சுருதி ஆடேல்லை. கைதான் ஆடுது." மூச்சு வாங்கினார். "பாட்டு முடியும் வரைக்கும் அந்த மனுசன் நடுங்கிக்கொண்டு இருந்திருக்கு, யசோ."

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி வந்து முகம் துடைக்க ஒரு பெட்டி ரிஷ்யூ தந்தார், நாங்கள் கதைத்தது என்ன மொழி என்றே தெரியாமல்.

வரும்போது ரயிலில் கேட்டேன். ஆர்ச்வேயிலிருந்து கொலியர்ஸ் வூட் வரை அதையே. சுருதி ஆடவில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் என் காது அவருடைய காது இல்லை. எனக்காகச் சொன்னாரோ. மகளுக்காக நரிகளைப் புகழ்ந்தவர்தானே.

பெப்ரவரி 19, புதன்

காலை பத்தே கால். நாதனின் செய்தி. கு. அண்ணை போய்விட்டார். மது பக்கத்தில் இருந்தாளாம்.

பதினொன்றரைக்கு ஒரு பல் கட்டல். பன்னிரண்டுக்கு இரண்டு பேர். எல்லோருக்கும் படிவம் கொடுத்தேன்.

பெப்ரவரி 20, வியாழன்

தாலாட்டைக் குழுவுக்கு அனுப்பினேன். முழுதாக. கீழே எழுதியது: 'விம்பிள்டன். பிடித்தவர் சிவா. இடையில் கேட்பது என் குரல். இது என்னிடம் எப்போதும் இருந்தது, ஒளித்துவிட்டேன். குகன் அண்ணை கேட்டுவிட்டுத்தான் போனார்.'

போனைச் சமையலறையில் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். முதல் தடவை, போன் இல்லாமல்.

மாலை வந்து பார்த்தால்:

நாதன்: 'ஒலி மிகச் சுத்தம். இவ்வளவு கிட்டத்தில் அவரை நான் கேட்டதில்லை. நன்றி.'

இரண்டு பேர் கைகூப்பும் படம்.

ஒருவர்: தபேலா யார்?

என் குரலைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பாரிஸ் ரமணி மட்டும் தனியாக அனுப்பியிருந்தாள்: 'அக்கா, எனக்கும் ஒண்டு போனது. என்ரை மனுசனோடைகூட நான் அதைப் பற்றிப் பிறகு வாய் திறக்கேல்லை. இண்டைக்குப் பாட்டைப் போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டுப் பக்கத்திலை இருத்தினன்.'

ஓம் என்று மட்டும் பதில் எழுதினேன்.

பெப்ரவரி 27, வியாழன்

கு. அண்ணையின் இறுதிக் கிரியை. வெயில். கறுப்புக் கோட்டில் பொத்தான் ஒன்று இல்லை, ஊசி குத்திப் போனேன். முப்பது பேர் வரை. தேவாரம் படித்தவர் இருமிக்கொண்டே படித்தார். மதுவின் தாய் பின்வரிசையில், யாரோடும் கதைக்காமல்.

மதுவுக்கு அப்பாவின் நெற்றி. இருபத்து நாலு வயது. பாதி ஆங்கிலம், பாதி தமிழ். வெளியில் என்னைத் தேடி வந்தாள்.

"யசோ அன்ரி? அப்பா உங்களைப் பற்றிச் சொன்னவர். நீங்கள்தான் நரிகளைத் திட்டிறது எண்டு."

அவர் குழுவில் எழுதியதைக் காட்ட முடியுமா என்று கேட்டாள். போனைக் கொடுத்தேன். மதிலில் சாய்ந்து நின்று வாசித்தாள், விரலால் தள்ளித் தள்ளி, கன நேரம். சனம் சாப்பாட்டுக்கு வேனில் ஏறிப் போய்விட்டது.

"இதெல்லாம் எனக்கும் அனுப்பினவர்," என்றாள். பிறகு குரல் உடைந்தது. "நான் ரெண்டு வருஷமா அதைப் பாக்கேல்லை அன்ரி. இற் வாஸ் ஸோ பாட், சரியான மோசம். ஒன்லைனிலை கதையை வாசிச்சிட்டு, பாத்த மாதிரி அவருக்கு மெசேஜ் போடுவன். அவருக்கு அது அவ்வளவு பிடிக்கும், நான் விட்டால் பாவம் எண்டு."

நான் அவள் முதுகைத் தடவினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. எனக்குத் தெரிந்தது வாய்வரை வந்தது. யாரோ மதுவைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

சொல்லலாமா. சொன்னால் ஆறுதலா, இன்னும் ஒரு அடியா. கு. அண்ணை உயிரோடு இருந்தால் சொல்ல விடமாட்டார். ஆனால் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத்தானே தெரியும்.

மார்ச் 2, ஞாயிறு

பகல் முழுக்கக் காற்று. வேலியில் ஒரு பலகை கழன்றுவிட்டது. கவுன்சில் கடிதம், திறக்கவில்லை.

ஆறு மணிக்கு மது போன் எடுத்தாள். நம்பரை நாதனிடம் வாங்கினாளாம். அப்பாவின் வீட்டைக் காலி பண்ணுகிறாள். சோபாவில் இருந்து நரிகளை முழுதாகப் பார்த்தாளாம், இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தரம்.

"எப்பிடி இருந்தது?"

"குப்பை அன்ரி. என்னெண்டு அப்பாவாலை இதை விரும்பிப் பாக்க ஏலுமாய் இருந்தது?"

சொன்னேன். அவருக்கும் பிடிக்கவில்லை என்று. கனகாலமாகவே பிடிக்கவில்லை, நீர் மெசேஜ் போடுவீர் என்பதற்காகத்தான் பார்த்தவர் என்று.

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். அறவில்லை.

பிறகு மெதுவாக: "அப்ப நாங்கள் வேற எதையாவது கதைச்சிருக்கலாம்."

நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.