நான் எழுதாமல் விட்ட வரி

என் கண்ணான ஜெயந்திக்கு,

நீ போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் நம் ஆட்டம். நடக்குமா, நடக்காதா என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியவில்லை. நடக்காமல் போனால் அதற்குக் காரணம் உன்னோடு ஆடிய மாறனும் இல்லை, ரெஜினாவும் இல்லை. நான்தான். நீ சொன்ன ஒரு வார்த்தையை நோட்டில் எழுதாமல் விட்டேன். இன்று காலை வரை ஒளித்தும் வைத்தேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னை அறிந்தவர்கள் இதைப் படித்தால் படிக்கட்டும்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மளிகைக் கணக்கு, பால் கணக்கு, கோயில் நேர்த்திக் கணக்கு என்று எழுதி எழுதித்தான் எனக்குக் கையெழுத்தே திருந்தியது. நீதான் ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "அண்ணி, எங்க ஆட்டத்தையும் இப்படி எழுதித் தாங்களேன்" என்றாய். நாட்டியத்துக்கு என்னம்மா கணக்கு என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் கோடு போட ஆரம்பித்தேன். இடது பக்கம் வரவு: யார், எத்தனையாவது எண்ணிக்கையில் மேடைக்குள் வருகிறார். வலது பக்கம் செலவு: யார் எப்போது வெளியே போகிறார். வந்த ஆறு பேரும் போயிருக்க வேண்டும். கடைசியில் பக்கம் நேராக வேண்டும்.

நம் கூட்டத்துக்குத் தலைவர் கிடையாது. பெரம்பலூர்க் கல்லூரியில் அழைப்பிதழ் அடிக்க இயக்குநர் பெயர் கேட்டார்கள். "அப்படி யாரும் இல்லீங்க சார், ஆறு பேரும்தான்" என்று மாறன் சொன்னதை அவர்கள் நம்பவில்லையாம். அவரவர் பகுதியை அவரவரே உண்டாக்குவது, அடுத்தவர் அதில் கை வைப்பதில்லை, மாற்றம் வேண்டுமென்றால் நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுவது, ஒருவர் போடாவிட்டாலும் மேடை ஏறுவதில்லை. நீங்கள் வைத்த சட்டம். அதற்குக் காவல் நான்.

நம் ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பதை இந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கத் தூசிக்குள் இருக்கிற ஜனங்கள் உடம்பால் உணர வேண்டும், அதுதான் உங்கள் ஆறு பேருக்கும் ஆசை. எலக்ட்ரீசியன் மாறன், நர்ஸ் ரெஜினா, அரும்பாவூரில் மரச்சிற்பம் செய்யும் தங்கராசு, ஜெயங்கொண்டத்து இரட்டைப் பிள்ளைகள், நீ. பஞ்சாங்கத்தைப் பார்த்து முகூர்த்தமில்லாத நாளாகத் தேடும் கூட்டம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். கல்யாணம் இல்லாத நாளில்தானே மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் நமக்குக் கிடைக்கும்? சாம்பார் வாசனைக்கு நடுவே எத்தனை அலை எழுப்பினீர்கள்!

உன் பகுதி விழுவது. இதய வால்வில் கோளாறு, குதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, "குதிக்கத்தானே கூடாதுன்னார். வுழலாமே" என்றாய். தங்கராசு செய்த பெட்டி மேல் ஏறி, கண்ணை மூடி, திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகச் சாய்வாய். ஐந்து பேரும் ஏந்தி, அலை இழுத்துப் போவதுபோல் உன்னை வெளியே கொண்டு போவார்கள். ஓரத்தில் நின்று நான் எட்டு வரை எண்ணுவேன். ஒவ்வொரு முறையும் ஏழில் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

ஆபரேஷனுக்குத் திருச்சி போவதற்கு முந்தைய ஒத்திகை முடிந்து திரும்பினோம். திருமானூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னாய்.

"அண்ணி, நான் வர முடியாமப் போச்சுன்னா என் எடத்துல நீங்க ஏறுங்க. வெளியாள் வேணாம். எழுதிக்குங்க."

"வாயக் கழுவுடி. நானாவது, மேடையாவது."

"எண்ணுறது நீங்கதானே? அந்த ஆட்டம் முழுக்க ஒங்க ஒடம்புல இருக்கு அண்ணி. எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

நான் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். எழுதினால் பலித்துவிடும் என்று பயந்தேன் ஜெயந்தி. ஒரு வரி நோட்டில் ஏறிவிட்டால் அது நடந்தே தீரும் என்றுதான் இத்தனை வருஷமும் எழுதியிருக்கிறேன். பெருமாள் பெயரைச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். நான் எழுதவில்லை. நீயும் திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்து எல்லாரும் மண்டபத்தில் கூடியபோதே சண்டை தொடங்கிவிட்டது. திருச்சியில் ஆடத் தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள், அழைத்து வருகிறேன் என்றான் மாறன். ரெஜினா எரிந்து விழுந்தாள்.

"ஃபியூஸ் போனா வேற மாட்டற மாதிரியா? அந்த எடம் காலியாத்தான் இருக்கணும். நாம வெறுங்கைய ஏந்துவோம்."

"காத்த ஏந்திட்டுப் போனா பாக்கறவங்களுக்கு என்னா தெரியும்? ஜெயந்தி இதுக்கா இவ்ளோ பாடுபட்டா?"

"ஜெயந்தி என்னா நெனச்சான்னு ஒனக்குத் தெரியுமா?"

மாறன் என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க சொல்லுங்க. நோட்டுல எதாச்சும் இருக்கா? ஜெயந்தி எதாச்சும் சொன்னாளா?"

"இல்லப்பா" என்றேன்.

நோட்டில் இல்லை என்பது உண்மை. நீ சொல்லவில்லை என்பது பொய். இரண்டையும் ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்: நான் ஏறக் கூடாது. இந்த வயதில், இந்த உடம்போடு, சொந்தக்காரர்கள் பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்வதா? அதைவிட, நீ படுத்த கைகளில் நான் எப்படிப் படுப்பேன்?

அதற்குப் பிறகு நான்கு ஒத்திகை நடந்தது. நான்கிலும் உன் பகுதி வந்ததும் ஆட்டம் நின்றது, சண்டை நடந்தது. போன வாரம் ரெஜினா, வேறு ஆளைக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். மாறன், காலி இடம் என்றால் நான் போடமாட்டேன் என்றான். இரட்டைப் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

சனிக்கிழமை கல்லங்குறிச்சிக்குப் போனேன். உருவமில்லாமல் கம்பமாக நிற்கிற பெருமாள். அவரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். அன்று கேட்க ஒன்றுமில்லை. சொல்லத்தான் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை. மனசறிந்து பொய் சொல்லிவிட்டுத் துளசி வாங்கிக்கொண்டு வந்தவளை அவர் என்ன நினைத்தாரோ?

இன்று காலை சொல்லிவிட்டேன். கூடத்தின் நடுவில் நின்று, பஸ்ஸில் நீ சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன்.

மாறன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ரெஜினாதான் கிட்டே வந்தாள். நோட்டை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இத்தன நாளா நாய் மாதிரி அடிச்சுக்கிட்டோம். நீங்க ஓரமா நின்னு எண்ணிக்கிட்டு இருந்தீங்க. இல்லக்கா?"

ஆமாம் என்றேன்.

தங்கராசு பெட்டியை இழுத்து வந்து நடுவில் போட்டான். "ஏறுங்கக்கா. பேசுனது போதும்."

ஏறினேன். முந்தானையை இழுத்துச் செருகினேன். மாறன் எழுந்து வந்தான், இரட்டைப் பிள்ளைகள் வந்தார்கள். நான்கு பேர் பின்னால் நின்றார்கள். ஐந்து பேர் வேண்டும், தலைப்பக்கம் ரெஜினாவின் இடம். அவள் நோட்டைத் தரையில் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

யார் எண்ணுவது என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. தங்கராசு எண்ணினான். எட்டு வந்தது. நான் சாயவில்லை. மறுபடி எட்டு. இறங்கிவிட்டேன். மூன்றாம் முறை ஏறியபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"கண்ண மூடுங்கக்கா. தொறந்து வச்சுக்கிட்டு வுழுந்தா கழுத்து பிசகும்."

"நிக்கிறியா ரெஜினா?"

"புடிக்கிறேன். அவ்ளோதான். கையெழுத்து வேற வெசயம்."

ஏழில் எனக்கு மூச்சு நின்றது. எட்டில் கால் பெட்டியை விட்டது. அப்புறம் ஒன்றுமில்லை ஜெயந்தி. பிடி இல்லை, தரை இல்லை, நோட்டு இல்லை. இதையா நீ வாரா வாரம் செய்தாய்? பின் தலையில் ரெஜினாவின் உள்ளங்கை பட்டபோது அது ஈரமாக இருந்தது. கூடத்தின் கடைசி வரை என்னைச் சுமந்து போனார்கள். இறக்கி விட்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விட்டுப்போன வரியை எழுதினேன். நான்கு கையெழுத்து விழுந்திருக்கிறது. அவளுடையது இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறுமுன் முடிவு சொல்வதாகத் தங்கராசிடம் சொல்லியிருக்கிறாளாம். போடாவிட்டால் ஆட்டம் இல்லை. அவளை நான் வற்புறுத்த மாட்டேன். எந்த முகத்தோடு கேட்பேன்?

வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். நீ போனதிலிருந்து இந்த ஆட்டப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவர். இன்றும் அப்படித்தான் வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டினார், கழற்றினார்.

"அந்தப் பொட்டி எவ்ளோ ஒசரம்?"

"என் இடுப்பு ஒசரம் இருக்குங்க."

"அஞ்சு பேரும் நிப்பாங்களா?"

"தெரியலீங்க."

சோற்றுக்கு உட்கார்ந்தவர் பாதியில், "ஞாயித்துக்கெழம எத்தன மணி பஸ்ஸு?" என்று கேட்டார்.

ஜெயந்தி, ரெஜினா கையெழுத்துப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் ஏறுவேன். திரும்பிப் பார்க்காமல் சாய்வேன். போடாவிட்டால் அதையும் மறைக்காமல் அந்தப் பக்கத்திலேயே எழுதி வைப்பேன். இனி இந்த நோட்டில் பயத்துக்காக ஒரு வரியும் விடமாட்டேன், சத்தியம்.

ஒரே ஒரு இடம் மட்டும் காலியாக இருக்கும். வரவில் உன் பெயர் இருக்கிறது, அதன் கீழே என் பெயரையும் சேர்த்துவிட்டேன். செலவில் என் பெயரை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் நேராகாது. நேராக வேண்டாம்.

உன் கையெழுத்துக்கும் இடம் விட்டு வைத்திருக்கும்,
உன் அண்ணி
கோமளம்